மாடி லைன் சுவிட்சில் தொங்கிய சிவப்பு அட்டை

என் மாமாவுக்கு,

சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில், மாடி லைன் சுவிட்சில் நீங்கள் மாட்டிவிட்டுப் போன சிவப்பு அட்டையை நான் கழற்றிவிட்டேன்.

கோபப்படாதீர்கள். முறைப்படிதான் கழற்றினேன். மாட்டினவர் இல்லாதபோது அவர் அட்டையைக் கழற்ற நேர்ந்தால், அவர் திரும்ப டியூட்டிக்கு வருவதற்குள் அவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது உங்கள் கம்பெனி சட்டம். அந்தக் கடைசிச் சட்டம்தான் பாக்கி இருக்கிறது. அதற்காக இதை எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கூடப் படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா? கம்பெனியில் ஒரு மிஷினைத் திறந்து வேலை செய்கிறவர் முதலில் கரண்டை நிறுத்துவார். அந்த சுவிட்சில் தன் போட்டோவும் பேரும் உள்ள சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவார். டேக் என்பார்கள். மாட்டினவர் இருக்கும்போது அவர் கைதான் அதைக் கழற்ற வேண்டும், மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாது. உள்ளே கையை விட்டுக்கொண்டிருக்கிறவருடைய உயிர் அந்த அட்டையில்தான் இருக்கிறது.

நீங்கள் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தீர்கள். ஜெராக்ஸ் கடையில் உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று லேமினேட் போட்டு வாங்கிவந்தீர்கள். எனக்கு எதற்கு என்று கேட்டேன். "நீயும் ஒருநாள் ஸ்குரூ டிரைவர் புடிப்ப, பாரு" என்றீர்கள். எரிந்துபோன பல்பை மாற்றக்கூட மெயின் பாக்ஸில் உங்கள் மீசை வைத்த போட்டோ தொங்கும். ஜூஜுவாடியில் நம் சந்து முழுக்க அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு எனக்கு உரிமை இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

கடைசியாக நீங்கள் டியூட்டிக்குப் போன அன்றைக்கு மாடி ரூமில் பிளக் பாயிண்ட் கருகியிருந்தது. அயர்ன் பாக்ஸ் போட்டால் புகை வாசனை வருகிறது என்று நான்தான் சொன்னேன். நீங்கள் கீழே வந்து மாடி லைனை நிறுத்தி, அட்டையை மாட்டிவிட்டு மேலே போனீர்கள். சுவிட்ச் போர்டை சுவரிலிருந்து பிரித்துத் தொங்கவிட்டு, கருகின ஒயரை வெட்டி எடுத்து, மீதி ஒயர்களுக்கு நம்பர் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே செகண்ட் ஷிப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "வந்து முடிச்சிக்கறன். எவனும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். திரும்பி வரும்போது கம்பெனி பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள் என்று போன் வந்தது.

காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களைப் படுக்க வைக்க மாடி ரூம் வேண்டியிருந்தது. உங்கள் தம்பி லைட் எரியவில்லை என்று மெயின் பாக்ஸைத் திறந்து, அட்டையை எடுக்கக் கை நீட்டினார். நான் கத்தின கத்தலில் அடுப்படியில் இருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். புருஷன் போட்டோ என்பதால் பதறுகிறாள் என்று நினைத்து, பாவம், எல்லாரும் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் நந்தினி அத்திப்பள்ளியிலிருந்து எலக்ட்ரீஷியன் மஞ்சுவைக் கூட்டிவந்தாள். நம் பெண்ணுக்குப் பொறுமை எப்போது இருந்தது? அவர் வந்ததும் வராததுமாக அட்டையின் கயிற்றைப் பிடித்தார். "தம்பி, அதத் தொடாதீங்க" என்றேன். "யாக்கக்கா, பேட்வா?" என்று கன்னடத்தில் கேட்டார். ஏன், வேண்டாமா என்று கேட்டதற்கு என்ன சொல்வது? "மாட்டுனவரு வரணும்" என்று வாயில் வந்துவிட்டது. மஞ்சு நந்தினியைப் பார்த்தார், நந்தினி என்னைப் பார்த்தாள். டீயைக் குடித்துவிட்டு, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

அதிலிருந்து வீட்டில் எது கெட்டாலும் வெளி ஆளைக் கூப்பிடுவதில்லை என்று ஆகிவிட்டது. கூப்பிட்டால் அவர் முதலில் மெயின் பாக்ஸுக்குத்தான் போவார். அந்தப் பயத்தில் நானே ஸ்குரூ டிரைவரைப் பிடித்தேன். நீங்கள் சொன்னது பலித்துவிட்டது, சந்தோஷமா?

ஒன்று சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கம்பெனியில் மிஷினுக்கு அச்சு பூட்டுகிற பெரிய டை ஃபிட்டராக இருக்கலாம், வீட்டு வேலையில் என்னைவிட ஒன்றும் ஒசத்தி இல்லை. அடுப்படிக் குழாயைப் பிரித்தேன். வாஷருக்குப் பதில் என் பழைய ரப்பர் செருப்பை வெட்டிப் போட்டிருந்தீர்கள். அந்தச் செருப்பைக் காணோம் என்று நான் நாலு நாள் தேடியிருக்கிறேன். பாத்ரூம் கதவுத் தாழ்ப்பாளில் நாலு ஆணிக்கு நாலு சைஸ். சின்டெக்ஸ் டேங்கின் மிதவையைச் செம்புக் கம்பி, நைலான் கயிறு, என் தலைமுடி ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருந்தீர்கள். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. டேங்க் ஏணியில் உட்கார்ந்து அதைப் பிரிக்கும்போது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

என் வேலையும் ஒன்றும் பெரிய அழகு இல்லை. குழாயில் டேப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றி, அடுப்படி முழுக்கத் தண்ணீர் விட்டேன். மிக்ஸியின் அடியில் இருக்கிற கப்ளரைத் திருப்பத் தெரியாமல் இடது பக்கம் வலது பக்கம் என்று திருகி, அதன் பல்லை உடைத்தேன். நாலு தடவை தப்பாகச் செய்தால் ஐந்தாவது தடவை கை அதுவாகவே சரியான பக்கம் போகிறது. அந்தத் தைரியம் வந்த பிறகும் மாடி ரூம் போர்டுக்கு மட்டும் நான் போகவில்லை. பெருக்கப் போகும்போது அது சுவரிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கும். பார்க்காமல் பெருக்கிவிட்டு வருவேன்.

இப்படியே இருந்திருப்பேன். நந்தினி விஷயத்தில்தான் இருக்க முடியாமல் போனது.

அவள் டிப்ளமோ முடித்து, உங்கள் கம்பெனியிலேயே அப்ரண்டிஸாகச் சேர்ந்திருக்கிறாள். நீங்கள் நடந்த அதே கேட்டில் நடந்து போகிறாள். ஒரு வாரம் விடிகாலை நாலரைக்கு பஸ், அடுத்த வாரம் வீடு வந்து சேரவே பதினொன்றைத் தாண்டிவிடுகிறது. பகலில் தூங்கினால்தான் உண்டு. கீழ் ரூமில் எப்படித் தூங்குவது? கர்நாடகா பார்டரில் லாரி நிற்பதும் ஹாரன் அடிப்பதும் உங்களுக்குத் தெரியாததா? மாடி ரூம் பின்பக்கம் இருப்பதால் அங்கே சத்தம் வராது. ஆனால் ஃபேன் இல்லாமல் சித்திரை வெயிலில் அதில் யார் படுப்பது?

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "மத்தியானம் பிரஸ் மிஷினுக்கு முன்னாடி ஒக்காந்தே தூங்கிட்டம்மா. கை உள்ள போயிருச்சி. நல்ல வேளை, சென்சார் மிஷின நிறுத்திருச்சி." பெரிய வீரப்பிரதாபம் மாதிரி சொல்கிறாள். நான் அவள் இரண்டு கையையும் இழுத்துப் பிடித்து விரலை எண்ணினேன். பத்து இருந்தது. "என்னம்மா நீ" என்று கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

அதோடு விட்டாளா? "இந்த லட்சணத்துல அப்பாவ மட்டும் குத்தம் சொல்றன்" என்றாள். என்ன என்று கேட்டேன். சேர்ந்த முதல் வாரத்தில் புதுப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்களாம். எப்பவோ ஒரு ஃபிட்டர், அட்டை மாட்டாமல் மிஷினுக்குள் கையை விட்டு, விரலை இழந்தார், சோம்பேறித்தனத்தின் விலை அது என்று கதை சொன்னார்களாம். பேர் சொல்லவில்லை. ஆனால் இடது கை, சுண்டு விரலும் மோதிர விரலும் என்றதும் அது நீங்கள்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சாங்கம்மா. நானும் தல குனிஞ்சிகிட்டன். கம்பெனில அவ்ளோ அலட்சியமா இருந்துட்டு, வீட்ல பல்பு மாத்த டேக் மாட்டுனாரே அந்த மனுஷன்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அப்பாவை நினைத்து நம் பெண் தலை குனிந்திருக்கிறாள். அதுவும் என்னால்.

நாலு பேர் உங்களைச் சொல்லிச் சிரித்ததால், இப்போது நாலு பேருக்கு முன்னால் சொல்கிறேன் மாமா. நீங்கள் அன்றைக்கு அட்டை மாட்டியிருந்தீர்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. கல்லாவியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி, பிரஸ் ஷாப்பில் சேர்ந்து மூன்று மாசம். தகடு வெட்டுகிற அந்தப் பெரிய மிஷினில் வெட்டின துண்டு சிக்கிக்கொண்டது. நீங்கள் பேனலில் கரண்டை நிறுத்தி, அட்டையை மாட்டிவிட்டு மிஷினுக்குப் பின்பக்கம் போனீர்கள். கொஞ்ச நேரத்தில் டீ மணி அடித்தது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் அந்தப் பக்கத்திலிருந்து கேண்டீனுக்கு நடந்து போனதைப் பார்த்தேன். நீங்கள்தான் என்று நினைத்தேன். வேலை முடிந்துவிட்டது, அட்டையை எடுக்க மறந்துவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அன்றைய கணக்குக்கு இன்னும் இருநூறு பீஸ் பாக்கி. டீக்குப் போகாமல் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்படி அட்டை தொங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அட்டையில் இருக்கிற பேரைச் சொல்லி மூன்று தடவை உரக்கக் கூப்பிட வேண்டும். பத்து எண்ணும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால், ஒரு ஆள் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து யாரும் இல்லை என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் சூப்பர்வைசர் அட்டையைத் தொடலாம்.

நான் கூப்பிடவில்லை. எங்கள் ஊரில் அண்ணன் முறை ஆளைக்கூட நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த ஷாப்பில் முப்பது ஆம்பளைகள், பொம்பளைகள் நாங்கள் நாலு பேர். டீக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அத்தனை பேர் நடுவில் ஒரு ஆம்பளை பேரை வாய்விட்டுக் கத்த எனக்குக் கூச்சமாக இருந்தது. தொண்டைக்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்தேன், எனக்கே கேட்கவில்லை. அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டு, பட்டனை அழுத்தினேன்.

நீங்கள் பின்னாலிருந்து வெளியே வந்தீர்கள். கத்தவில்லை. இடது கையை வலது கையால் பொத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தீர்கள், அப்புறம் என் கையில் இருந்த அட்டையைப் பார்த்தீர்கள். ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. "அத பாக்கெட்ல வையி" என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் பேசின முதல் வார்த்தை. நான் வைத்துக்கொண்டேன்.

விசாரணையில் அட்டை மாட்ட மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தீர்கள். உங்கள் ஃபைலில் கரும்புள்ளி விழுந்தது, சீனியர் கிரேடு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. வருஷா வருஷம் பாதுகாப்பு வாரத்தில் உங்கள் கையை உதாரணமாகக் காட்டினார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே காட்டிவிட்டு வந்தீர்கள். ஒரு வருஷம் கழித்து கல்லாவிக்கு உங்கள் அப்பாவோடு பெண் கேட்டு வந்தீர்கள். என் வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம். எனக்குத் தலை சுற்றியது.

உங்களிடம் கேட்க நினைத்து, இருபது வருஷத்துக்கு மேல் கேட்காமலே விட்டுவிட்டேன். என்னை எதற்காகக் கட்டிக்கொண்டீர்கள்? பிடித்துப்போயா? இல்லை, இந்தப் பெண் இதைத் தனியாகச் சுமந்து செத்துவிடுவாள் என்று இரக்கப்பட்டா? ஒருதடவைகூட, சண்டை முற்றின நாளில்கூட, அந்தக் கையை நீங்கள் எனக்கு எதிராகத் தூக்கிக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது என்று சில நாள் உங்கள் மேல் கோபம்கூட வந்திருக்கிறது.

இப்போது புரிகிறதா, உங்கள் தம்பி கை நீட்டினபோது நான் ஏன் கத்தினேன் என்று? உங்கள் அட்டையை ஒருதடவை நான் கழற்றியிருக்கிறேன். இரண்டாவது தடவை கழற்ற எனக்குக் கை வரவில்லை.

விரலை எண்ணின மறுநாள் எனக்கு வேறு வழி தெரியவில்லை. நந்தினிக்குத் தூக்கம் வேண்டும். தூக்கத்துக்கு அந்த ரூம் வேண்டும். நீங்கள் வாங்கிக் கொடுத்த என் அட்டையைப் பீரோவிலிருந்து தேடி எடுத்தேன். அதில் என் போட்டோ கல்யாணமான புதிதில் எடுத்தது, முழி முழியென்று முழித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே சுவிட்சில் இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு அட்டை தொங்க வேண்டும் என்பதால், உங்கள் அட்டைக்குப் பக்கத்தில் என்னுடையதையும் மாட்டினேன். பிறகு மாடிக்குப் போனேன்.

நீங்கள் ஒட்டின நம்பர் சீட்டுகள் அப்படியே இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது ஒயரில் சீட்டு இல்லை, அங்கேதான் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கிறது. உங்கள் மல்டிமீட்டரை வைத்து, எந்த ஒயரின் மறுமுனை எங்கே போகிறது என்று பீப் சத்தம் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். மூன்று நாள் ஆயிற்று. முதல் ஒயரைப் பல்லால் உரித்தேன், நந்தினி பார்த்துவிட்டுத் திட்டினாள். ஒரு ஒயரை ஒட்ட வெட்டிவிட்டு, எட்டாமல் போய், மறுபடி புதுசு இழுத்தேன். ஒரு சுவிட்சைத் தலைகீழாக மாட்டியிருந்தேன்.

சனிக்கிழமை நந்தினி டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "அந்த டேக எடுத்தாதாம்மா டெஸ்ட் பண்ண முடியும். நீ என்னாத்துக்கு இப்டி அடம் புடிக்கிற?" என்றாள். நான் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, மேலே எழுதினதை எல்லாம் அவளிடம் சொன்னேன். பாக்கெட்டில் வைத்த வரைக்கும் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. டார்ச்சை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து கீழே போய்விட்டாள். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. பெண்ணையும் இழந்துவிட்டேன் என்று நினைத்தேன் மாமா. அது எனக்கு வேண்டியதுதான் என்றும் நினைத்தேன்.

ஞாயிறு காலையில் மஞ்சுவை வரச் சொல்லியிருந்தேன். அட்டையைத் தொட வேண்டாம், நான் செய்த வேலையைச் சரிபார்த்தால் போதும் என்று சொன்னேன். அவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணே ஒண்ணுதான்க்கா தப்பு" என்றார். லைட் சுவிட்சில் கரண்ட் வருகிற ஒயருக்குப் பதிலாக, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரைக் கொடுத்திருந்தேனாம். எரியும், அணையும், ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும், பல்பு மாற்றப் போகிறவருக்கு ஷாக் அடிக்கும் என்றார். அணைந்துதானே இருக்கிறது என்று நம்பிக் கை வைப்பார்கள். அவர் மாற்றித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்று நானே மாற்றினேன். அவர் இன்னொரு தடவை பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

கீழே வந்து மெயின் பாக்ஸ் முன்னால் நின்றேன். என் அட்டையைக் கழற்றினேன். உங்களுடையது மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது நந்தினி ரூமிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. "கூப்புடும்மா" என்றாள்.

உங்களுக்கே தெரியும், கல்யாணமான நாளிலிருந்து நான் உங்களை மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். ரேஷன் கடையில் புருஷன் பேர் கேட்டால்கூட கார்டை நீட்டுவேன். ஆஸ்பத்திரியில் உங்கள் பேரை நந்தினியைத்தான் சொல்லச் சொன்னேன்.

முதலில் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. நந்தினி என் முதுகில் கை வைத்தாள்.

"முனிராஜ்" என்றேன்.

இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் பலமாக வந்தது. மூன்றாவது தடவை, அன்றைக்கு பிரஸ் ஷாப்பில் நான் கத்தியிருக்க வேண்டிய சத்தத்தில் கத்தினேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும் என்று இருந்தேன்.

பத்து எண்ண வேண்டும். எண்ணினேன். ஏழு, எட்டு வரைக்கும் நான் நிஜமாகவே காதைக் கொடுத்துக் கேட்டேன் மாமா. என்னமே, என்று நீங்கள் வழக்கமாகக் கேட்கிற குரல் மேலேயிருந்து வந்துவிடும் என்று எனக்குள் யாரோ காத்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னபோதும், சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டபோதும், காரியம் முடிந்தபோதும் எனக்குத் தெரியாதது, அந்தப் பத்தை எண்ணி முடித்தபோது தெரிந்தது.

நந்தினி மாடிக்குப் போனாள். ரூம் கதவைத் திறந்து உள்ளே போகிற சத்தம் கேட்டது. அப்புறம், "இங்க யாரும் இல்லம்மா" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது.

உங்கள் அட்டையைக் கழற்றினேன். சுவிட்சைத் தூக்கினேன். மேலே ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

அன்று மத்தியானம் நந்தினி அந்த ரூமில் நாலு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். நான் வாசலில் உட்கார்ந்து மேலே யாரையும் விடாமல் பார்த்துக்கொண்டேன். எழுந்து வந்து காபி கேட்டாள். குடித்து முடித்த பிறகு, "அப்பா ஏன்மா யார்கிட்டயும் சொல்லல?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். "எனக்கும் கோவம் இன்னும் போகல" என்றாள். போக வேண்டாம், மெதுவாகப் போகட்டும் என்றேன். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அன்றைக்கு நடந்தது நடந்தபடி, ஒரு பக்கம். எழுதி முடித்து நந்தினியிடம் கொடுத்தேன். அவள் வேலை செய்கிற இடம், அவளுக்குச் சங்கடம் வரலாம், வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடலாம் என்று சொன்னேன். இரண்டு தடவை படித்தாள். "தபால்ல எல்லாம் போடாத. நான் கொண்டுபோய்க் குடுக்கறன்" என்று மடித்து, ஐடி கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. ஒன்றும் செய்யாமல் ஃபைலில் போட்டு மூடினாலும் மூடலாம். மூடினால் நானே கம்பெனி கேட்டுக்குப் போவேன். அடுத்த முறை புதுப் பிள்ளைகளுக்கு அந்த விரல் கதையைச் சொல்லும்போது, அவர் அட்டை மாட்டியிருந்தார் என்று சொல்ல வைப்பேன். கழற்றினவள் யார் என்று கேட்டால், அந்த வகுப்பில் நானே போய் எழுந்து நிற்பேன். கூச்சப்படுகிற பெண் பிள்ளை அங்கேயும் ஒருத்தி இருப்பாள். வாயைத் திறந்து பேரைச் சொல்லிக் கூப்பிடு கண்ணு, பதில் வருகிற காலத்தில் கூப்பிடு என்று அவளிடம் சொல்லிவிட்டு வருவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

முனிராஜ் சம்சாரம்,
செல்வி